குரங்கு வரும் சத்தம்

எங்கள் பள்ளிக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று தலைமையாசிரியர் அதற்குத் தேங்காய் உடைத்தார். அதோடு விட்டாரா? எழுத்துக் கட்டைகளில் ஒவ்வொன்றாகக் குங்குமம் வைக்கவும் ஆரம்பித்தார். நான் குறுக்கே பாய்ந்து தடுப்பதற்குள் ஒரு கட்டை சிவந்துவிட்டது. அந்த ஒன்று மட்டும் கடைசிவரை அழுத்தினால் ஒட்டிக்கொண்டு, மனசே இல்லாமல் மேலே எழும்பும். பார்க்க வந்த பெற்றோர்களிடம், "டி.வி. மாதிரிதான், ஆனா இதுக்கு ஆண்டெனா வேணாம்" என்று அவர் விளக்கம் வேறு கொடுத்துக்கொண்டிருந்தார்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. செஞ்சியில் அந்தப் பெட்டியைத் தொடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பெருமைக்குச் சொல்லவில்லை. சென்னையில் பயிற்சி என்றபோது ஒருவருக்கு மச்சினி கல்யாணம் வந்தது, ஒருவருக்கு மூட்டுவலி வந்தது. கணக்கு டீச்சருக்கு மட்டும் எதுவும் வராததால் என்னை அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

சாவி என் இடுப்பில் தொங்குவதைப் பார்த்த பிறகுதான் பிசிக்ஸ் வாத்தியாருக்குத் தூக்கம் போனது. "கரண்ட்ல ஓடுறது எல்லாமே பிசிக்ஸ்தானே டீச்சர்" என்று ஆரம்பித்தார். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டியையும் அவரிடம்தான் ஒப்படைக்க வேண்டும். தலைமையாசிரியர் பஞ்சாயத்து பண்ணினார்.

"மாவட்டத்துலர்ந்து ஆபீசர் வராரு. அவுரு எதிர்ல இத்த ஓட்டிக் காட்டுங்க. அவருக்குப் புடிச்சிதுன்னா சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லன்னா என் ரூம் பீரோவுல வெச்சிப் பூட்டிடுவேன். கெவுர்மெண்டு சொத்து, எனுக்கு டென்ஷன் ஆவுது."

அந்த பீரோவை எனக்குத் தெரியும். பள்ளிக்கு வந்த பூகோள உருண்டை, நுண்ணோக்கி எல்லாம் அதற்குள் போய்த்தான் மோட்சம் அடைந்தன. எனக்கு அந்தப் பெட்டி வேண்டும். கணக்கு என்றால் காத தூரம் ஓடும் பிள்ளைகள் அதன் முன்னால் முண்டியடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், அது ஒரு பக்கம். அந்தக் கட்டடத்தில் என் சொல்லுக்கு மறுபேச்சு பேசாத ஒரே ஜென்மம் அதுதான், அது இன்னொரு பக்கம்.

ஆபீசருக்குக் காட்ட ஒரு விளையாட்டு எழுதினேன். ஒருவன் சாப்பாட்டுத் தூக்கோடு எங்கள் ராஜகிரிக் கோட்டைப் படிகளில் ஏறுகிறான். குரங்கு வருகிறது. அது தூக்கைப் பிடுங்குவதற்குள் அவன் உச்சிக்குப் போய்விட வேண்டும். அவ்வளவுதான் கதை. கோட்டைக்குப் போய்ச் சோற்றைப் பறிகொடுக்காதவன் எங்கள் ஊரில் யார்? தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. "கோட்டைன்னா ராஜா வேணாமா டீச்சர்? குதிர, கத்தி, ஒண்ணுமில்லாம கொரங்க வுட்டுக்னு இருக்கீங்க?" என்றார். இவரும் ராஜாவைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. குரங்கை இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம்.

திரையில் என் குரங்கு ஒரு சதுரம். ஏறுகிறவனும் சதுரம்தான், கொஞ்சம் ஒல்லி. அந்தச் சதுரத்தைப் பார்த்து யாருக்கும் பயம் வராது. பயத்தைச் சத்தத்தில்தான் கொண்டுவர வேண்டும். முதலில் நீளமாக ஒரே ஊதல் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்துவிட்டது. மாவு மில் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள், மில் ஓடுவதே அவர்களுக்குத் தெரியாது. பிறகு சுருதியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். குரங்குக்குப் பதில் ஆம்புலன்ஸ் வந்தது. கடைசியில்தான் பிடிபட்டது. சுருதி அப்படியே நிற்க வேண்டும், சத்தத்தின் அளவு மட்டும் கூடிக் குறைய வேண்டும். சின்ன வயதில் டேபிள் ஃபேன் முன்னால் வாயை வைத்து 'ஆ' என்று கத்தியிருப்போமே, அந்த நடுக்கம். டிரெமலோ என்று அதற்குப் பேர், பயிற்சிப் புத்தகத்தில் இருந்தது.

அதையும் சும்மா வைத்தால் போதாது. சத்தம் முழுசாக அடங்கிப் பிறகு எழுந்தால், கோழி தகரத்தைக் கொத்துகிற மாதிரி துண்டு துண்டாகக் கேட்கிறது. பாதிவரை தாழ்ந்து எழ வேண்டும். குரங்கு தூரத்தில் இருக்கும்போது நடுக்கம் மெதுவாக. நெருங்க நெருங்க வேகம். இதைச் சரியாக அமைத்து ஓட்டிப் பார்த்த சாயங்காலம், நானே எழுதிய சதுரத்துக்கு நானே பயந்து கையை இழுத்துக்கொண்டேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் ஒத்திகைக்குத் தலைமையாசிரியரையும் பிசிக்ஸ் வாத்தியாரையும் கூப்பிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். குரங்கு நெருங்கியது, சத்தம் நடுங்கியது. பிசிக்ஸ் வாத்தியார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "லோ வோல்டேஜ்! லோ வோல்டேஜ்!" என்று கத்திக்கொண்டே போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். திரை இருண்டது. அன்று காலை முழுக்க நான் திருத்தியதெல்லாம் போயே போச்சு. தலைமையாசிரியர் அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறியது. சுற்றிலும் கழனிகளில் பம்புசெட் மோட்டார்களை ஒரே நேரத்தில் போடுவார்கள், டவுனில் கரண்ட் தள்ளாடும். ரேடியோவில் பாட்டு நடுங்க ஆரம்பித்தால் எங்கள் நைனா சாப்பிட்ட எச்சில் கையோடு ஓடிப்போய் சுவிட்சை அணைப்பார். நடுக்கம் கேட்டால் யோசிக்கக் கூடாது, அணைக்க வேண்டும். ஆனால் பிசிக்ஸ் படித்துப் பட்டம் வாங்கியவருமா?

"தலைக்கு மேல பல்பு எரியுதே, அது மங்குச்சா? ஃபேன் ஸ்லோ ஆச்சா? ஸ்டெபிலைசர் டொக்டொக்னு அடிச்சிதா? எதையாவது பாத்தீங்களா சார்? இது நான் வெச்ச சத்தம்!" என்று கத்தினேன்.

"நல்லா இருக்குற சத்தத்த எதுக்கு டீச்சர் வேணும்னே நடுங்க வெக்கிறீங்க?" என்றார் தலைமையாசிரியர், நிஜமாகவே புரியாமல். கிழிஞ்சது போ என்று வெளியே வந்துவிட்டேன்.

ஆபீசர் வருகிற நாளுக்குள் எல்லாவற்றையும் என் இஷ்டப்படி மாற்றினேன். சத்தம் எடுப்பாகக் கேட்க வேண்டுமென்று பிரேயருக்கு வைக்கும் ஆம்ப்ளிஃபயரைக் கொண்டுவந்து பெட்டியோடு இணைத்தேன். திரை பளிச்சென்று தெரிய ஜன்னல்களைச் சாத்தி பல்பை அணைத்தேன். ஃபேன் இரைச்சல் கூடாதென்று அதையும் நிறுத்தினேன். ஸ்டெபிலைசரின் டொக்டொக் என் குரங்கைக் கெடுக்குமென்று நீள வயர் போட்டு அதைப் பக்கத்து அறைக்குத் தள்ளினேன். மெயின் சுவிட்சின் முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டு வழியை அடைத்தேன். "நடுங்கறதுதான் வெளையாட்டு. ஒருத்தரும் எந்திரிக்கக் கூடாது" என்று ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லியும் வைத்தேன்.

ஆபீசர் வந்தார். சபாரி சூட்டு, கையில் இளநீர். அந்த இருட்டு அறையில் வேர்க்க விறுவிறுக்க எல்லோரும் உட்கார்ந்தார்கள். விளையாட்டைப் பதிந்து வைத்திருந்த கேசட் கீச்சுக்கீச்சென்று ஓடி முடிந்து, திரையில் விளையாட்டு வந்தது. நான் கட்டையை அழுத்தி அழுத்தி ஒல்லிச் சதுரத்தைப் படியேற்றினேன். குரங்கு கிளம்பியது. மெதுவான நடுக்கம், நான் வைத்தபடியே. ஆபீசர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு முன்னால் குனிந்தார். சாவி என்னுடையது என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

நடுக்கம் வேகமெடுத்தது. ஆம்ப்ளிஃபயர் பெட்டியே உதறுவதுபோல் இருந்தது. பிசிக்ஸ் வாத்தியார் பாதி எழுந்தார்.

"டீச்சர், இது வேற மாதிரி இருக்குதே..."

"உக்காருங்க சார்!" என்றேன். "இது என் சத்தம்!"

உட்கார்ந்துவிட்டார். தலைமையாசிரியர் அவர் கையைப் பிடித்து அழுத்தி வேறு வைத்தார், மறுபடி எழுந்துவிடக் கூடாதே என்று.

"பலே!" என்றார் ஆபீசர். "இன்னாமா நடுங்குது! நெஞ்சு அடிச்சிக்குது போங்க!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. திரையைப் பார்த்தேன். ஏறுகிறவன் பாதி மலையில் இருந்தான். குரங்கு இன்னும் அடிவாரத்திலேயே நின்றது. அவ்வளவு தூரத்தில் இருக்கும் குரங்குக்கு இவ்வளவு வேகம் நான் வைக்கவில்லையே என்று ஒரு எண்ணம் வந்து, அது முழுசாக வருவதற்குள் மூக்கில் கருகல் வாசனை ஏறியது. திரை ஒருமுறை வீங்கிச் சுருங்கியது. பெட்டியின் பின்பக்கத்திலிருந்து டப்பென்று ஒரு சத்தம், ஊதுவத்தி மாதிரி மெல்லிசாகப் புகை.

பெஞ்சைத் தாண்டி மெயினை இறக்க நானேதான் ஓடினேன். முழங்கால் பெயர்ந்தது. ஜன்னலைத் திறந்தபோது கழனிப் பக்கமிருந்து மோட்டார்கள் கும்மென்று ஓடுவது கேட்டது.

ஆபீசர் விளையாட்டு அப்படித்தான் முடியும் என்று நினைத்துக் கைதட்டினார். "கடசில பொக வுட்டீங்களே, அதான் டாப்பு" என்றார். இப்படிப்பட்டவர்தான் மாவட்டத்துக்கே கல்வி கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவர் ஜீப் கிளம்பிய பிறகு தலைமையாசிரியர் கையை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். கருகிய பெட்டியைப் பழைய வேட்டியில் சுற்றி, பூகோள உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டினார்கள். பிசிக்ஸ் வாத்தியார் ஜெயித்த முகத்தோடு வருவார், நாலு வார்த்தை நன்றாகக் கொடுக்கலாம் என்று நாக்கைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கண்ணில் தண்ணீர்.

"எந்திரிச்சேன் டீச்சர்" என்றார். "நீங்க உக்காரச் சொன்னீங்க, உக்காந்துட்டேன்."

அந்தப் பள்ளியில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் ஒருவராவது என் பேச்சை மதித்துக் கேட்டதுண்டா? அன்று ஒரு நாள்தான் அத்தனை பேரும் கேட்டார்கள்.