ஸ்டோர் கேட்ட ஒரு பட்டன்

ஊழியர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று காட்டும் என் ஆப்பை, ஆப் ஸ்டோர் மூன்றாவது முறையும் திருப்பி அனுப்பிவிட்டது. வேண்டாதபோது ஊழியரே அதை நிறுத்திக்கொள்ள ஒரு பட்டன் வைத்தால்தான் அனுமதியாம்.

ஆப் செய்யச் சொன்ன பட்டுக்கடை முதலாளி மசியவில்லை. "நிறுத்திட்டுப் போய் தூங்குவானுங்கபா. பட்டன்லாம் வாணாம்."

இன்று காலை கடையில் இருவரும் ஆப்பைச் சோதித்துப் பார்த்தோம். முசரவாக்கத்தில் தறி பார்க்கப் போயிருக்க வேண்டிய ஊழியர் குமாரின் புள்ளி, மேப்பில் சின்ன காஞ்சிபுரத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. மூலைக்கு மூலை நின்றது.

"இன்னாபா, உன் ஆப்பு கெட்டுப்பூடுச்சா?"

ஆப்பை மூடித் திறந்து பார்த்தேன்; புள்ளி அங்கேயேதான் ஊர்ந்தது.

அவரே குமாருக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில் முதலில் நாதஸ்வரம், பிறகுதான் குமார்.

"மொதலாளி, தோள்ல பெருமாள் இருக்காரு. எறக்கி வெச்சிட்டுப் பேசறேன்."

முதலாளி எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அந்த பட்டனை இன்னைக்கே வெச்சுடுபா. பெருமாள் எங்க போறாருன்னு வேவு பாத்த பாவம் நமக்கெதுக்கு?"

வைத்துவிட்டேன். மறுபடி அனுப்பும் படிவத்தில், இந்த மாற்றத்துக்கு என்ன காரணம் என்று ஒரு கட்டம் இருக்கிறது.

உள்ளதை எழுதினால் நம்புவார்களா, நீங்களே சொல்லுங்கள்.