மார்லீசி எழுதிய சைபர்

மார்லீசிக்கு வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வேலையில் அப்பழுக்கு கிடையாது. தாக்குவாரி ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்தவள் அவள்தான். கரையோர ஊர்களெல்லாம் அதை நம்பித்தான் இருந்தன. அவளோடு சேர்ந்து அதைப் பராமரித்தவன் நான்.

பிறகு தலைநகரில் ஒரு தரநிலைக் குழு முளைத்தது. ஆற்றில் நட்ட கருவியிலிருந்து தகவல் வராவிட்டால் அந்த இடத்தில் சைபர் போட வேண்டும் என்று விதி எழுதியது. நாங்கள் காலியாக விடுவோம். காலி என்றால் தெரியவில்லை என்று அர்த்தம். சைபர் என்றால் ஆறு வற்றிவிட்டது என்றல்லவா ஆகும்? இதுகூடத் தெரியாதவர்களுக்கு எதற்கு ஏசி அறை!

மார்லீசி எங்கள் வழக்கப்படி, மென்பொருளின் பொதுப் பக்கத்தில் காரசாரமாக எதிர்ப்பு எழுதினாள். ஊரே படித்தது, குழு படிக்கவில்லை. அவர்கள் படிவத்தில், அவர்கள் கெடுவுக்குள் வராதது எதிர்ப்பே இல்லையாம். ஆட்சேபணை ஏதுமில்லை என்று விதி நிறைவேறியது.

எங்கள் ஊர்ப் பேரிடர் அலுவலக அதிகாரி அதேமார், மாத்தே தேநீர்க் குடுவையோடு வந்து உட்கார்ந்தார்.

"குழுவோட முத்திரை இல்லாத மென்பொருளை எடுத்துடச் சொல்லிட்டாங்கம்மா. அந்தச் சைபரைப் போட்டுக் குடுத்துடேன்."

"ஆறு வத்திப்போச்சுன்னு நினைச்சுக்குவீங்களே!"

"என்னை என்ன முட்டாள்னு நினைச்சியா? கருவி செத்துப்போச்சுன்னு எனக்குப் புரியாதா?"

மனசில்லாமல் போட்டுக்கொடுத்தாள். முத்திரையும் கிடைத்தது.

அடுத்த பெருமழையில் ஆறு வெறிபிடித்து ஏறியது. கரையோரத் தெரு ஜனமெல்லாம் மேட்டுக்குப் போய்விட்டது. மதியம், திரையில் திடீரென்று சைபர். அதேமார் படகோடு மேலூருக்குப் போயிருந்தார். அவர் நாற்காலியில் இருந்த புது ஆள், வெள்ளம் வடிந்துவிட்டது என்று ரேடியோவில் அறிவித்துவிட்டார். மார்லீசி கரையோரத் தெருவிலிருக்கும் தங்கைக்கு ஃபோன் போட்டாள்.

"நில்வா, எங்கடி இருக்கே?"

"வீட்டுக்கு வந்துட்டேன்க்கா. தெருவே திரும்பி வந்தாச்சு. தண்ணி சைபராமே!"

"வடியலடி! கருவியையே ஆறு அடிச்சிட்டுப் போயிருக்கு. புள்ளைங்களைத் தூக்கிட்டு மேட்டுக்கு ஓடு!"

"அரசாங்கம் என்ன சொன்னாலும் உனக்கு ஆகாது. அவங்க பொய்யா சொல்வாங்க?"

மார்லீசி உடைந்துபோனாள்.

"அவங்க இல்லடி. அந்தச் சைபரை எழுதினதே நான்தான். ஒவ்வொரு கதவா தட்டிட்டு ஓடுடி!"

அந்த நிமிடமே அவள் சைபரை அழித்துக் காலி இடத்தைத் திரும்ப வைத்தாள். முத்திரை போனால் போகட்டும் என்றாள். நில்வா கதவு கதவாகத் தட்டிக்கொண்டு ஓடினாள். கடைசி இரண்டு வீடுகளில், ரேடியோ சத்தத்தில், அது யாருக்கும் கேட்கவில்லை.