அழைப்புக்கார ரம்லத்தின் வாய்ச் சீனி

கோட்டைப்பட்டினத்தில் கல்யாணம் என்றால் ரம்லத் பீவி வீடு வீடாக வர வேண்டும். அச்சடித்த பத்திரிகையெல்லாம் ஆண்களுக்கு. பெண்களுக்கு, ரம்லத் மாமி வாசலில் நின்று, "இன்னார் மகளுக்கு இன்ன நாள் கல்யாணம், தவறாம வந்துருங்க" என்று வாயால் சொன்னால்தான் அழைப்பு. சொன்னதும் வீட்டுக்காரி ஒரு பிடி சீனியை மாமியின் வாயில் போடுவாள். அழைப்புக்காரி வாய் இனிக்காமல் படியிறங்கினால் கல்யாணம் கசந்துவிடுமாம். எங்கள் தெருப் பெண்களுக்கு அப்படியொரு நம்பிக்கை. மாமியும் எந்தக் கல்யாணத்தையும் கசக்க விட்டதில்லை.

அறுபதை நெருங்கியபோது மாமிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நாலு வீடு ஏறினால் பள்ளிவாசல் முக்கில் உட்கார்ந்துவிடுவார். வயதாகிவிட்டது என்றோம். எதற்கெடுத்தாலும் நாங்கள் சொல்வது அதுதானே! 1961இல் அவருடைய ஒரே மகள் ராபியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நடந்து அழைத்தவர், பெற்ற பிள்ளைக்கு அழைக்க முடியாமல் போய்விடுமோ என்று பயந்துவிட்டார். அந்தப் பயம்தான் அவரை அறந்தாங்கிக்கு பஸ் ஏற்றியது. அடுத்த வீட்டுக்காரி என்று நானும் துணைக்குப் போனேன்.

டாக்டர் ஆத்மநாதன் மாமியின் சிறுநீரில் சில சொட்டுகளை ஒரு நீல மருந்தில் விட்டு, கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"சர்க்கரை வியாதிம்மா. படகு படகா மீன் கரையில வந்து குவியுது, எடுத்துட்டுப் போக ஆளில்லைன்னா என்ன ஆகும்?"

"நாறிப்போகும்."

"ஒங்க ரத்தத்துல அதான் நடக்குது. சாப்பிட்டது ஒடம்புல சேராம அங்கேயே தேங்குது. ரத்தக்குழாயெல்லாம் கெட்டு, நெஞ்சுக்கு வேலை கூடிப்போகுது. ஒங்களுக்கு அறுபதுன்னா ஒங்க நெஞ்சுக்கு எழுபதுன்னு வச்சுக்கங்க."

"நெஞ்சுல வலியே இல்லையே, டாக்டரய்யா?"

"இந்த வியாதியில பல பேருக்கு வலி தெரியாது. மூச்சு வாங்குறது மட்டுந்தான் தெரியும்."

மகள் கல்யாணத்துக்கு வீடு வீடாக நடந்து அழைக்க வேண்டும் என்று மாமி சொன்னார். மாத்திரை, அளவான சோறு, தினமும் மெதுவாக நடை, சீனியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னார். "குழாயில நீலம் நீலமாவே நின்னுச்சுன்னா, தாராளமா நடந்து அழைங்க."

மாமி அன்றைக்கே சீனியை விட்டார். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்கள் சும்மா விடுவார்களா? அடுத்த கல்யாணத்துக்கு அழைக்கப் போனபோது, மேலத்தெரு ரஹீமா பீவி கருப்பட்டியை உடைத்துக்கொண்டு வந்தாள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை!

"டாக்டரு சீனியத்தானக்கா வேணாம்னாரு? இது பனையில எறக்குனது. ஒடம்புக்குக் குளிர்ச்சி."

மாமிக்கும் அது நியாயமாகப் பட்டது. ஒரு பிடி சீனி போட்ட இடத்தில் எலுமிச்சங்காய் அளவு கருப்பட்டி போட்டார்கள். மருந்தாயிற்றே!

மறுபடி பார்த்தபோது குழாய் முன்னைவிடச் சிவந்தது.

"அல்லா மேல சத்தியம், ஒரு பொட்டு சீனி தொடல!"

"பின்ன என்னதான் சாப்பிட்டீங்க?"

"கருப்பட்டி."

டாக்டர் குழாயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அது சீனிக்குக் கூடப்பொறந்த அக்காம்மா!"

எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மாமியின் கண் நிறைந்திருப்பதைப் பார்த்ததும் அடங்கிப்போனேன். கல்யாணத்துக்கு அதிக நாள் இல்லை. பஸ் ஏறினோம். ஊர் நெருங்கும்போது என் கையைப் பிடித்தார்.

"ஏண்டி, இனிக்க வேண்டியது கல்யாணந்தானே? அதுக்கு என் வாய்தான் இனிக்கணுமா?"

அதன்பிறகு மாமியைக் கடற்கரையில்தான் பார்க்கலாம். முதலில் படகுகள் வரை நடந்தார். பிறகு படகுகளைத் தாண்டி நடந்தார். கருப்பட்டியோடு எதிரே வந்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் டாக்டர் குழாயைத் தூக்கிக் காட்டினார். நீலம் நீலமாகவே நின்றது. மாமி அதைப் பிறை பார்ப்பதுபோலப் பார்த்தார். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

மறுநாள் காலை இடுப்பில் ஒரு சீனி டப்பாவோடு அழைப்புக்குக் கிளம்பினார். முதல் வீடு ரஹீமாவுடையது.

"எம்மக ராபியாவுக்கு வர்ற வெள்ளிக்கெழம கல்யாணம். தவறாம வந்துரு. ம், வாயத் தொற!"

"எனக்கா?"

"ஒனக்குத்தான். இத்தன வருசம் நீங்க போட்டீங்க, இப்ப நான் போடுறேன். சர்க்கரைன்னு சொன்னா மட்டும் வாய் இனிக்குமா?"

ரஹீமா திறந்தாள். சேதி மாமிக்கு முன்னால் ஓடிவிட்டது. அடுத்த தெருவில் பெண்கள் வாயைத் திறந்துகொண்டே வாசலுக்கு வந்தார்கள். பள்ளிவாசல் முக்கு வந்தது. மாமி உட்காரவில்லை. நான்தான் உட்கார்ந்தேன்.

எல்லா வீடும் முடிந்ததும் தன் வீட்டுக் கதவையே தட்டினார். ராபியா திறந்தாள்.

"எம்மக ராபியாவுக்கு வர்ற வெள்ளிக்கெழம கல்யாணம். தவறாம வந்துரும்மா."

ராபியா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்து சீனியை வாங்கிக்கொண்டாள். உடனே பழைய நினைப்பில் பயந்துபோய்த் தாயின் நெஞ்சில் கையை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"உம்மா, ஒங்களுக்கு மூச்சே வாங்கலயே!"