வெளியூர்க் கூந்தல்

லேடீஸ் பார்லர் வேலைக்குக் கை பழகினால் மட்டும் போதாது, நாக்கும் உள்ளூராக மாற வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து பிழைக்கிற உங்களுக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். நான் கோவில்பட்டிக்காரி. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய பார்லரில் வேலை.

எந்த ஊர்?

பக்கத்திலிருக்கும் வடக்குப்பட்டிலிருந்து ஓர் அம்மா தலைக்குச் சாயம் போட வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். வெளியூர்ப் பெண்கள் என்றால் இங்கே சிலருக்குக் கொஞ்சம் இளப்பம். அதனால் பூந்தமல்லி என்றேன், மெட்ராஸ் பேச்சிலேயே. சாயம் ஒரு சொட்டு அவர் காதோரம் வழிந்தது. பதற்றத்தில், "யாத்தே, அங்கன தொடாதீய" என்று என் வாய் ஊருக்கே போய்விட்டது. அவர் சிரிக்கக்கூட இல்லை. மெதுவாகக் கேட்டார்: "பூந்தமல்லில எந்தத் தெருவுல இப்டிப் பேசுறாங்க? நா பொறந்த வூடே அங்கதான் கீது."

பேன்

சபிதா ஒடிசாப் பெண், பக்கத்துக் கம்பெனியில் அசெம்ப்ளி லைன் வேலை. துப்பட்டாவை அவிழ்த்தாள். இடுப்புவரை முடி, காதோரம் பேன் ஊர்ந்தது. என்னையறியாமல் ஓரடி பின்வாங்கினேன். கண்ணாடியில் அதைப் பார்த்துவிட்டு, அவள் துப்பட்டாவை மறுபடி சுற்றிக்கொண்டாள். எனக்குக் கூசிப்போயிற்று. தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

கழுத்தளவுக்கு வெட்டச் சொன்னாள். மருந்து போட்டு வாரினாலே போய்விடும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ரூமில் கூட இருக்கிற பெண்கள் அவள் பாயைச் சுருட்டி வாசலில் வைத்துவிட்டார்களாம். "முடி போனா வரும் அக்கா. ரூம் போனா நான் எங்க போறது?"

சவுரி

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த மாரி என்னிடம்தான் பாப் கட் வெட்டிக்கொண்டாள். அம்மா பார்க்க வருகிறார் என்றதும் ஓடி வந்து, சவுரி வைத்து நீளமாகப் பின்னிவிடச் சொன்னாள். பின்னிவிட்டேன்.

மறுநாள் அந்த அம்மா தனியாக வந்து, பையிலிருந்து சவுரியை எடுத்து என் முன்னால் வைத்தார். மகளுக்குப் பூ வைக்கும்போது கையோடு வந்துவிட்டதாம். அந்தப் பொய்யைப் பின்னியவள் நான்தானே, தலைகுனிந்து நின்றேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "வெட்டுனதுக்கு வருத்தமில்ல தாயி. பெத்தவகிட்ட வேசம் போடணும்னு தோணிருக்கு பாரு, அதான். சரி, பொங்கலுக்கு அவ ஊருக்கு வாரப்ப இதை நல்லா இறுக்கி வச்சு அனுப்பு, அவ அப்பன் கண்ணுல படக்கூடாது."

பார்லரில் எல்லாச் சுவரிலும் கண்ணாடி மாட்டியிருப்பதால், வேலை செய்கிறவளுக்கு வெட்கப்பட ஒரு மூலைகூட மிச்சமில்லை.