பச்சை டேங்க்காரி

எங்கள் வீட்டுக்கும் சாரதாமணி அக்கா வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சுவர். அது பேருக்குத்தான் சுவர். அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். குமாரபாளையத்தில் பிறந்தவளுக்குத் தறிச்சத்தம் ஒரு சத்தமே இல்லை. அது பாட்டுக்கு ஓடும், நான் பாட்டுக்குத் தூங்குவேன். என் தூக்கத்தைக் கெடுத்தது தறி நிற்கிற நேரத்தில் வந்த சத்தம். மதியச் சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுத் தறிக்கூடத்தில் தறிகளை நிறுத்துவார்கள். நானும் தையல் மெஷினை மூடிவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று படுப்பேன். உடனே சுவருக்கு அந்தப் பக்கம் டிடிடிங் என்று ஒரு மெட்டு கிளம்பும். அதன் பின்னாலேயே டுமீல், டுமீல். பேரன் பேத்தி எடுக்கிற வயதில் புருஷனும் பெண்டாட்டியும் டிவி கேம் ஆடுகிறார்கள் என்று வெளியில் சொன்னால் யாராவது நம்புவார்களா?

மகன் பிரபாகர் பள்ளிக்கூடம் போன காலத்தில் முழுப்பரீட்சை லீவுக்கென்று அதை வாங்கினார்கள். மஞ்சள் கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக். பிரபாகர் வளர்ந்து, வேலைக்குப் போய், சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் குடித்தனமும் வைத்துவிட்டான். டிவி கேம் மட்டும் இவர்களோடு தங்கிவிட்டது. கேசட்டில் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் இருப்பதாக மேலே அச்சடித்திருக்கும். இவர்கள் அதில் ஒன்றே ஒன்றைத்தான் ஆடுவார்கள், டேங்க் கேம். மற்றதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"தெனமும் அதையே ஆடறதுக்கு சலிக்கலீங்களா அக்கா?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"தெனமும் அதே சோறுதான திங்கறோம் மலரு, சலிச்சா போச்சு?" என்றாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். திரையின் அடியில் நடுவாக ஒரு கழுகு. அதைச் சுற்றிச் செங்கல் சுவர். கழுகுக்கு இடப்பக்கம் மஞ்சள் டேங்க், வலப்பக்கம் பச்சை டேங்க். மேலேயிருந்து எதிரி டேங்குகள் இறங்கி வரும். கழுகின் மேல் குண்டு பட்டால் ஆட்டம் முடிந்தது. எதிரி குண்டுதான் என்றில்லை, நம் குண்டே பட்டாலும் முடிந்தது. கூட ஆடுகிறவரைச் சுட்டால் மட்டும் வேறு கணக்கு. அவர் டேங்க் சாகாது. கொஞ்ச நேரம் மினுக் மினுக்கென்று மின்னிக்கொண்டு, நகர முடியாமல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

அக்கா புருஷன் தண்டாயுதபாணி மாமா மஞ்சள். அக்கா பச்சை. இதில் என்றைக்கும் மாற்றம் கிடையாது.

அக்கா சங்ககிரிக்காரி, லாரி வைத்திருந்தவர் மகள். அவள் பேசினால் தெருமுனை வரை கேட்கும். மாமா நேர் எதிர். அவள் வாயைத் திறந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்கூடத்துக்குள் போய்விடுவார். தறி ஓடுகிற இடத்தில் நின்று யார் யாரைத் திட்டுவது? அதனால் அக்கா திட்டுவதை விட்டுவிட்டுச் சுட ஆரம்பித்தாள். அவள் தம்பி வீட்டு விருந்துக்கு வராமல் மாமா டிமிக்கி கொடுத்தாரே, அதற்கு மறுநாள் மஞ்சள் டேங்கால் ஓரடி நகர முடியவில்லை. "அட உடு சாரதா, எதிரி வாரான், உடு" என்று மாமா கெஞ்சுவது எனக்குச் சுவர் வழியாகக் கேட்டது. ஆசை தீரச் சுட்ட பிறகு கோபம் இறங்கிவிடும். எழுந்து டீ போடுவாள். அந்த வீட்டில் சண்டை தீர்ந்த விதம் அதுதான். சுட ஆரம்பித்த பிறகு அவர்கள் ஒருவரை ஒருவர் திட்டி நான் கேட்டதேயில்லை.

ஊரில் அக்காவின் கைக்கு ஒரு மதிப்பு இருந்தது. தறியில் ஒரு பாவு, அதாவது நீளவாட்டு நூல், தீர்ந்ததும் புதுப் பாவின் இழைகளைப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு இரண்டு கைக் கட்டைவிரலாலும் செய்கிற வேலை அது. அக்கா பிணைத்த பாவில் இழை அறாது. பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் ஆள் வந்து கூப்பிடுவார்கள்.

போன ஆடி மாதம் ஒரு காலையில் காபி டம்ளர் அவள் இடது கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அவளும் கூடவே சரிந்தாள். பக்கவாதம். ஈரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று திரும்பி வந்தாள். கால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிக் கம்பு ஊன்றி நடந்தாள். இடது கை தேறவில்லை. அதிலும் கட்டைவிரல் அசையவே மறுத்தது. வருகிற அசைவு பெரும்பாலும் முதல் சில மாதங்களில்தான் வரும், முயற்சியை விடாதீர்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். என் மதியத் தூக்கத்தைக் கெடுக்க இப்போது யாருமில்லை. அந்த அமைதியில் படுத்துக்கொண்டு நான் அழுதேன்.

உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க ஜோதி என்று ஒரு பிசியோதெரபி பெண் வந்தாள். வாழப்பாடிக்காரி, சிரித்த முகம், பிடித்தால் விடாத ஆள். மெத்தென்ற பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். அக்கா ரெண்டு நாள் அமுக்கிப் பார்த்துவிட்டுப் பந்தை மூலையில் வீசினாள்.

"ஏங் கண்ணு, இந்தப் பந்த அமுக்கி நானு எங்க போயிச் சேரப்போறேன்? அமுக்குனா ஏதாச்சு ஒண்ணு நவுரோணும்."

ஜோதி சுற்றுமுற்றும் பார்த்தாள். டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்த ஜாய்ஸ்டிக் அவள் கண்ணில் பட்டது. இடது கட்டைவிரல் வைக்கிற இடத்தில் நான்கு திசைக்கான பட்டன். "இதை யாரும்மா ஆடுவீங்க?" என்று கேட்டாள். அடுத்த நாளே டிடிடிங் மறுபடி கேட்டது. தையலைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரபாகர் ஒரு புது டேப்லெட் வாங்கிக்கொண்டு வந்தான். "அம்மா, இதுல ஒரு வெரல் போதும்மா. தொட்டாலே மிட்டாயெல்லாம் ஒடையும், உனக்குக் கஷ்டமே இருக்காது" என்றான். பாவம், பாசத்தில்தான் சொன்னான்.

"ஒரு வெரலு போதும்னா இந்தக் கையி எதுக்குடா சாமி? வெட்டி வீசிரலாமா?" என்றாள் அக்கா. டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அதன் கெட்டியான டப்பாவை மட்டும் வைத்துக்கொண்டாள். ஜாய்ஸ்டிக்கை இடது கையால் பிடிக்க முடியாது அல்லவா, மடியில் டப்பாவை வைத்து அதன் மேல் ஜாய்ஸ்டிக்கை வைத்துக்கொண்டாள்.

முதலில் வந்தது இடப்பக்கம். விரலை உள்ளே இழுப்பதுதான் சீக்கிரம் வருமாம், வெளியே நீட்டுவது கடைசியில்தான் வருமாம், ஜோதி சொன்னாள். அதனால் அக்காவின் பச்சை டேங்க் இடப்பக்கம் மட்டும் திரும்பியது. அங்கே யார் இருக்கிறார்கள்? கழுகு. சுடுகிற வலது கைக்கு ஒரு குறையும் இல்லை. டுமீல் டுமீலென்று தன் சுவரைத் தானே உடைத்துத் தன் கழுகைத் தானே சுட்டாள். ஆட்டம் முடிந்தது. மறுபடி டிடிடிங், மறுபடி கழுகு. எதிரிகளுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

"சாரதா, நீ மஞ்சள எடுத்துக்க" என்றார் மாமா. "அங்கிருந்து இடப்பக்கம் சுட்டா கழுகுக்கு ஒண்ணும் ஆவாது."

"பச்சை என்னுதுங்க. வெரலு வரலீன்னு கலர மாத்தோணுமா?"

"அப்ப சுடாமயாச்சு இரு."

"அந்தக் கையாச்சு நல்லா இருக்குதல்லங்க, அதையும் கட்டிப் போடச் சொல்றீங்களா?"

அடுத்ததாகக் கீழே இழுக்க வந்தது. பச்சை டேங்க் இருப்பதே திரையின் அடியில். கீழே எங்கே போவது? மேலே போகவேண்டும். மேலே போவதற்கு விரலை நீட்டவேண்டும். கார்த்திகை வந்தது, மார்கழி வந்தது, மேலே மட்டும் வரவில்லை. அவள் நெற்றியில் வேர்வை துளிர்க்க, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த விரலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பாள். நாள் போகப்போக டாக்டர் சொன்னதுதான் எல்லோர் மனதிலும் ஓடியது.

மாமாவால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அந்த மனுஷர் செய்த காரியம் இது. ஜாய்ஸ்டிக் வழுக்குகிறது, நான் பிடித்துக்கொள்கிறேன் என்று பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். அன்றைக்குப் பச்சை டேங்க் விறுவிறுவென்று மேலே ஏறியது. அக்கா கத்திய கத்தலில் நான் ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். பிரபாகருக்குப் போன் போனது. சங்ககிரிக்குப் போன் போனது. எனக்கு ஒரு தட்டு கேசரி வந்தது. நான் இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன்.

மறுநாள் ஜோதி வந்து, "எங்கே, செஞ்சு காட்டுங்கம்மா" என்றாள். மாமாவைத் தள்ளி உட்காரச் சொன்னாள். அக்கா அழுத்தினாள். டேங்க் நகரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினாள். மாமா தரையைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முந்தின நாள் மேலே ஏற்றியது அவர் விரல். அவள் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். எனக்கே மாமாவை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

"நீங்க செஞ்சு குடுத்தா அந்தக் கை எப்படிங்க ஐயா கத்துக்கும்?" என்று ஜோதி மெதுவாகத்தான் சொன்னாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்குப் போனார்.

அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். ஆட்டத்தை நிறுத்தவில்லை. மாமா அறையின் அந்தக் கோடியில் உட்கார வேண்டும், அக்கா இந்தக் கோடியில். நடுவில் நான், தூது போக.

"மலரு, அவியகிட்டச் சொல்லு, என்ற ஜாய்ஸ்டிக்கு மேல இனி அவிய கையி படக்கூடாது."

"மாமா, உங்க கை படக்கூடாதாமுங்க."

"படாதுன்னு சொல்லு மலரு."

"எனக்கும் காது இருக்குதுன்னு சொல்லு மலரு" என்றாள் அக்கா.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. தலையணை உறை தைத்துக் கொடுக்க வேண்டிய நேரத்தில் இவர்களுக்குத் தபால்காரியாக இருந்தேன். ஆனால் ஒருநாளும் போகாமல் இருக்கவில்லை.

அக்கா சுடுவதையும் நிறுத்திவிட்டாள். மேலே ஏறுகிற வரைக்கும் ஒரு குண்டும் போடுவதில்லை என்று முடிவு. பச்சை டேங்க் மூலையில் கல்லாக நிற்கும். மஞ்சள் டேங்க் ஒற்றை ஆளாய் அங்குமிங்கும் ஓடி, இரண்டு பேருக்கும் சேர்த்து அடிவாங்கிக் கழுகைக் காப்பாற்றும். அக்காவின் கண் திரையில் இருக்காது, விரலில்தான் இருக்கும். தறிக்காரர்கள் திரும்பி வந்து தறி ஓட ஆரம்பித்த பிறகும் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வலித்தால் வலது கையால் தேய்த்துவிட்டுக்கொள்வாள். போதும் அக்கா என்று சொன்ன என்னை அவள் பார்த்த பார்வையில் நான் மெஷினுக்கே திரும்பிவிட்டேன்.

மாசி மாதம். பொறி பறக்கிற வெயில். வழக்கம்போல ஆளுக்கொரு கோடியில் இருந்தார்கள். நான் நடுவில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மாமா எதிரிகளோடு இடப்பக்கம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பச்சை டேங்க் லேசாக ஆடியது. நான் கத்தியைக் கீழே வைத்தேன். அது விக்கி விக்கி மேலே ஏறியது. நின்றது. மறுபடி ஏறியது. அக்கா பக்கத்தில் யாரும் இல்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

செங்கல் சுவரைத் தாண்டியதும் டேங்க் இடப்பக்கம் திரும்பியது. கழுகுக்கு மேலாக நகர்ந்து மஞ்சள் டேங்க் நிற்கிற வரிசைக்கு வந்தது. உதவிக்கு வருகிறாள் என்று மாமா நினைத்திருக்க வேண்டும், முகமெல்லாம் பல்லாகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்.

டுமீல்.

மஞ்சள் டேங்க் மினுக் மினுக்கென்று மின்ன ஆரம்பித்தது.

"என்னையா சாரதா சுட்ட!"

"தெரிஞ்சுதானுங்க சுட்டேன்" என்றாள் அக்கா. "பொய்யா ஏத்துனீங்கல்ல, அதுக்கு." மின்னுவது நிற்பதற்குள் இன்னொன்று போட்டாள். "ஊரெல்லாம் என்னைப் போன் பண்ணிச் சொல்ல உட்டீங்கல்ல, அதுக்கு."

எதிரி டேங்க் ஒன்று சாவகாசமாக இறங்கி வந்து கழுகைச் சுட்டது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆட்டம் முடிந்த மெட்டு ஒலித்தது. மாமா ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கும் கண்ணை மறைத்தது. கத்தியை மறுபடி எடுத்து வெண்டைக்காயை நறுக்கினேனா விரலை நறுக்கினேனா என்றே தெரியவில்லை.

"ஏனுங்க" என்றாள் அக்கா, என்னை நடுவில் வைக்காமல். "அழுதது போதுமுங்க. மூணாந் தறிப் பாவு தீர்றதுக்குள்ள இந்த வெரலு பிணைக்கற அளவுக்குத் தேறோணும். ஸ்டார்ட்டு பட்டன் உங்க ஜாய்ஸ்டிக்குலதான இருக்குது, அமுக்குங்க."

மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அமுக்கினார்.