நான் சலவைக்கு அனுப்பிய பெண்

எண்பதுகளின் நடுவில், நல்லம்பள்ளிக்குப் பக்கத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தேன். பெங்களூரில் உளவியல் படித்த கையோடு கிடைத்த முதல் வேலை. எனக்கு வயது இருபத்தாறு. பெண்கள் வார்டில் தங்கியிருக்கும் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவது என் பணி. மருந்து எழுத சேலத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் ஒரு டாக்டர் வருவார். வார்டு நிர்வாகம் முழுக்க, சிஸ்டர் என்று நாங்கள் கூப்பிடும் மூத்த கன்னியாஸ்திரியின் பொறுப்பு.

சேர்ந்த இரண்டாவது மாதம், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டும் ஒருவர் தன் மனைவியைக் கூட்டிவந்தார். இரண்டாவது குழந்தை பிறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை, அவள் பேச்சை நிறுத்திவிட்டாள். குழந்தையைத் தொடவும் மறுத்தாள். கைக்குழந்தையைத் தன் அக்கா வீட்டில் விட்டுவிட்டு, அவளை மட்டும் பஸ் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"நல்லாத்தாங்க இருந்தா. ஒரு நாளு ஆத்துப்பக்கம் போயிட்டு வந்தா. அதோட வாயே தொறக்கலீங்க" என்றார். மனைவியின் மாற்றுச் சேலைகள் இருந்த பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசிவரை கையிலேயே பிடித்திருந்தார்.

தினமும் பத்து மணிக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் கட்டிலருகே உட்காருவேன். படித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். கேட்டேன், காத்திருந்தேன், நானும் பேசாமல் இருந்து பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். அவள் விரல் அசைந்ததைக்கூட நோட்டில் எழுதினேன். பெங்களூரில் இருந்த என் பேராசிரியருக்கு அவளைப் பற்றி நீளமாக ஒரு கடிதமும் போட்டேன். அந்தக் கடிதத்தில் 'என் நோயாளி' என்றுதான் எழுதியிருந்தேன். இப்படியே இரண்டரை மாதம் போனது.

அந்த வார்டில் உதவியாளாக ஒரு பெண் இருந்தாள். பக்கத்து ஊரில் விவசாயம் செய்யும் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வயது இருபத்தொன்று, பத்தாவது ஃபெயில். நோயாளிகளைக் குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது, பேன் பார்ப்பது எல்லாம் அவள் வேலை. ஓயாமல் பேசுவாள். யாரையும் எதுவும் கேட்க மாட்டாள், தன் கதையை மட்டும் சொல்லிக்கொண்டே இருப்பாள். அண்ணன் தனக்கு மாப்பிள்ளை பார்க்காமல் இழுத்தடிப்பது, முட்டை போடாத கோழி, பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போட்ட கண்டக்டர். அவள் குரல் கேட்டாலே எனக்குத் தலை வலிக்கும்.

ஒரு நாள் காலை, பரிசல்காரர் மனைவிக்குப் பேன் சீப்பு போட்டுக்கொண்டே, முந்தின நாள் வீட்டில் கெளுத்தி மீன் கழுவும்போது விரலில் முள் குத்திய கதையைச் சொல்லியிருக்கிறாள். பாதியில் ஒரு குரல் கேட்டதாம்.

"முள்ளை மொதல்ல ஒடிச்சிரணும். அப்பறந்தான் கழுவணும்."

நர்ஸ் என் அறைக்கு ஓடிவந்து இதைச் சொன்னபோது ஒரு நிமிடம் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. அடுத்த நிமிடமே வயிறு எரிய ஆரம்பித்தது. இரண்டரை மாதம் நான் காத்திருந்த வார்த்தை, ஒரு மீனுக்காக, அந்தப் பெண்ணிடம் போயிருந்தது. நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். "பேசினீங்களாமே, ரொம்ப சந்தோஷம்" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை கேஸ் ஃபைலில், 'நோயாளி பேசத் தொடங்கியுள்ளார்' என்று மட்டும் எழுதினேன். யாரிடம் பேசினாள் என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை டாக்டர் அதைப் படித்துவிட்டு, "குட். விடாம உக்காந்து சாதிச்சிட்டீங்க" என்றார். அந்தப் பெண் பக்கத்துக் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். நான் மறுக்கவில்லை.

அதற்குப் பிறகு குளியலறைப் பக்கம் போகும்போதெல்லாம் என் நடை தானாகவே மெதுவாகும். உள்ளே இரண்டு பேரும் பேசுவது கேட்கும். ஒரு தடவை பரிசல்காரர் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு என் அறைக்கு வந்து, எழுத உட்கார்ந்தும் ஒரு வரி ஓடவில்லை. அன்று சாயங்காலம் வார்டுக்கு வெளியே அந்தப் பெண்ணை நிறுத்திக் கேட்டேன்.

"அவங்க உங்கிட்ட என்ன சொன்னாங்க? குழந்தையைப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க மேடம்."

"என்னன்னு சொல்லு. ஃபைல்ல எழுதணும்."

"அது எங்கிட்ட சொன்னதுங்க மேடம். உங்ககிட்ட சொல்லணும்னா அவங்களே சொல்லுவாங்க."

மறுநாளே சிஸ்டரிடம் போனேன். நோயாளி ஒரே ஆளைச் சார்ந்திருப்பது சிகிச்சைக்கு நல்லதல்ல, அந்தப் பெண்ணைக் கொஞ்ச நாள் வேறு வேலைக்கு மாற்றுங்கள் என்றேன். நான் சொன்னது புத்தகத்தில் இருப்பதுதான், பொய் இல்லை. ஆனால் அதைச் சொல்ல நான் போன காரணம் புத்தகத்தில் இல்லை. சிஸ்டர் என்னை நம்பினார். அந்தப் பெண் மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த சலவைக்கூடத்துக்குப் போனாள். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

முதல் நாள் பரிசல்காரர் மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் பேச்சு நின்றது. மூன்றாம் நாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டாள். செவ்வாய்க்கிழமை டாக்டர் வந்து அவள் நாடியைப் பிடித்துப் பார்த்தார். "இப்படியே போனா தாங்காது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம். அப்பவும் சாப்பிடலன்னா ஷாக் கொடுத்துடலாம்" என்றார். அந்த மின் அதிர்ச்சி, தேவைப்படுகிறவர்களுக்கு நல்ல சிகிச்சைதான். இவளுக்கு அது தேவைப்பட்டால், தேவைப்படும்படி செய்தவள் நான்.

புதன்கிழமை காலை சிஸ்டரிடம் உண்மையைச் சொன்னேன். சிகிச்சைக்காக மாற்றச் சொல்லவில்லை, எனக்குப் பொறுக்கவில்லை, அதனால் சொன்னேன் என்றேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தப் பிள்ளைகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னார்.

சலவைக்கூடத்தில் அவள் போர்வைகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். சலவைச் சோடாத் தண்ணீரில் விரல்கள் வெளுத்து வெடித்திருந்தன. திரும்ப வார்டுக்கு வா என்றேன்.

"வரலீங்க மேடம். இங்க நிம்மதியாத்தான் இருக்குது."

"அவங்க சாப்பிட மாட்டேங்கறாங்க."

"தெரியும். நர்ஸக்கா சொன்னாங்க." போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். "ஃபைல்ல நான் பேன் பாத்ததே இல்லீங்களாமே. அதையும் சொன்னாங்க."

"நான் செஞ்சது தப்பு" என்றேன். அவள் அதை ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை, மறுத்ததாகவும் தெரியவில்லை. இன்னும் இரண்டு போர்வை பிழிந்தாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "நான் அவங்களுக்காகத்தான் வர்றேன்" என்றாள்.

வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. பரிசல்காரர் மனைவி அவளிடமும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வியாழன் மதியம் கஞ்சி குடித்தாள். வெள்ளிக்கிழமை டாக்டர் வந்தபோது அரை வயிறு சாப்பிட்டிருந்தாள். அவர் சிகிச்சையைத் தள்ளிவைத்தார். அன்று அவர் முன்னாலேயே ஃபைலைத் திருத்தினேன். முதலில் யாரிடம் பேசினாள், பேச்சு ஏன் நின்றது, இரண்டையும் எழுதினேன். டாக்டர் படித்துவிட்டு என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் நான் வழக்கம்போல நாற்காலியில் இருந்தேன். அந்தப் பெண் நோயாளிக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தாள். பரிசல்காரர் மனைவி என்னைப் பார்க்காமல், தன் முழங்காலைப் பார்த்துப் பேசினாள்.

"கொழந்தைய ஆத்தோரம் பாறை மேல வெச்சிட்டு நடந்துட்டேங்க. வேணும்னேதான் வெச்சேன். கொஞ்ச தூரம் போயி, அழுவுற சத்தம் கேட்டுத் திரும்பி ஓடியாந்தேன். மறுக்கா தூக்குனா மறுக்கா வெச்சிருவேனோன்னு பயம். வாயத் தொறந்தா இது வெளிய வந்துருமேன்னு பேசவே இல்லீங்க."

அவள் கையைத் தொட்டேன். அவள் விலக்கிக்கொள்ளவில்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது என்று நெஞ்சு பொங்கியது. "எங்கிட்ட சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க" என்றேன்.

"அவதாங்க சொல்லச் சொன்னா" என்று தலைவாரிக்கொண்டிருந்தவளைக் காட்டினாள். "பாவம், தெனமும் வந்து ஒக்காந்துட்டுப் போறாங்க, அவங்ககிட்டயும் சொல்லுன்னா."

அந்தப் பெண் குனிந்து சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அந்தப் 'பாவம்' எனக்குள் எங்கெல்லாம் குத்தியது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. தெரிந்தும் இருக்கலாம்.

அடுத்த ஆறு வாரம் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்தோம். பரிசல்காரர் ஞாயிறுகளில் குழந்தையைக் கொண்டுவந்தார். முதலில் அந்தப் பெண் மடியில் வைத்துக்கொள்ள, தாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். பிறகு தொட்டாள். கடைசியில் அவளே வாங்கிப் புட்டிப்பால் புகட்டினாள். ஊருக்குப் போகும் நாளில் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்குக் கும்பிடு போட்டாள்.

மாதம் ஒரு தடவை மாத்திரை வாங்க வருவாள். வந்ததும் வார்டுக்குள் போய் அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டுத்தான் என் அறைக்கு வருவாள். மறு வருஷம் அந்தப் பெண் கிருஷ்ணகிரி பக்கம் கல்யாணமாகி வேலையை விட்டுப் போனாள். அடுத்த மாதம் பரிசல்காரர் மனைவி வந்து அவளைத் தேடினாள். விஷயத்தைச் சொன்னேன். வார்டு வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு என் அறையில் உட்கார்ந்து, நான் எதுவும் கேட்காமலே அரை மணி நேரம் பேசினாள். குழந்தைக்குப் பல் முளைத்தது, மாமியாரோடு சண்டை, ஆற்றில் வெள்ளம்.

எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. அந்த சந்தோஷத்தில் பாதி, அவள் நன்றாகிவிட்டதற்காக. மீதிப் பாதி எதற்காக என்று அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து ஒப்புக்கொண்டேன்.