கயிறு பிடித்தவனைச் சுட்ட படம்

ஜெர்மனியில், டோர்ட்மண்டில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் பின்னேரக் கோப்பியோடு தொலைக்காட்சியும் போடுவார்கள். அன்று ஓடியது ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொடர். நான் தினமும் குளிப்பாட்டிவிடும் அம்மையார் சிறுவயதில் விரும்பிப் பார்த்ததாம்; மகன் தேடி வாங்கிக் கொடுத்திருந்தார். சிறுத்தைத் தோல் கட்டிய வெள்ளைக்காரி ஒருத்தி கொடியில் தொங்கிப் பாய்ந்து வருவாள். ஆபிரிக்கக் காடு என்றார்கள், யானைக்கோ நம்மூர்ச் சின்னக் காது. போகட்டும் என்று கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

அடுத்த காட்சியில் கை நின்றுவிட்டது. பால்குடம் ஏந்திய பெண்கள் வந்தார்கள். மயிலிறகு வந்தது. முதுகில் கொக்கிகள் குத்திய ஒருவர் ஆடிவர, அந்தக் கொக்கிகளில் கட்டிய கயிற்றை இன்னொருவர் பின்னால் இழுத்துப் பிடித்திருந்தார். செடில் காவடி. எங்கேயோ எங்கள் சனம் நேர்த்திக்கு எடுத்த காவடியை யாரோ படம்பிடிக்க, இவர்கள் அதை வெட்டித் தங்கள் காட்டுக்குள் ஒட்டியிருக்கிறார்கள். காட்டுவாசிகள் கைதியைப் பலிக்கு இழுத்துப் போகிறார்களாம். வெள்ளைக்காரி குறிபார்த்துச் சுட்டாள். கயிறு பிடித்தவர்தான் செத்தார் என்று காட்ட, முகத்தில் சாயம் பூசிய நடிகன் எவனோ விழுந்தான். இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செடில் கயிற்றை யாரிடமும் கொடுத்துவிட மாட்டோம். ஆடுகிறவர் முன்னுக்குச் சாய்ந்து முழுப் பாரத்தையும் அதில் போடுவார். பிடிக்கிறவன் கொஞ்சம் அசந்தாலும் முகம் குப்புற விழவேண்டியதுதான். எனக்குச் சத்திரசிகிச்சை நடந்தபோது என் கணவர் நேர்ந்ததும் செடில் காவடிதான். வருடாவருடம் கயிறு பிடிப்பது என் தம்பி.

இங்குள்ள எங்கள் கோயிலின் அந்த வருடத் தேருக்கு அம்மையாரையும் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தேன். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அவர் வெளிவாசல் கண்டதில்லை. வெயிலுக்குப் போட நீலத் தொப்பிகூட எடுத்து வைத்திருந்தார். மறுநாள் காலை பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டு, மகன் தொலைபேசியில் மறித்துவிட்டார் என்றார். அம்மா படத்தைப் பற்றியும், அதே காவடிதான் தேரிலும் வரும் என்று நான் சொன்னதைப் பற்றியும் சொன்னாராம், அப்படிப்பட்ட இடத்துக்கு அனுப்ப அவருக்குப் பயமாம். சக்கர நாற்காலி வண்டியை ரத்துச் செய்யச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தம்பியிடம் கொட்டித் தீர்த்தேன். அவன் சிரித்தான்.

"விடுங்கோ அக்கா. அதுகள் உப்பிடித்தான்."

விடுவதாம். சுட்டது அவனை, கோபம் எனக்கு.

அடுத்த நாள் பொறுப்பாளரைக் கையோடு கூட்டிப்போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்தி, அந்த இடத்தில் படத்தை நிறுத்தினேன். காவடிக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் கக்கத்தில் குடையோடு நின்றார். பக்கத்தில் ஒரு தாய் பிள்ளைக்கு வாழைப்பழம் தீத்திக்கொண்டிருந்தாள். பலி பார்க்க வந்த காட்டுமிராண்டி குடையும் கொண்டா வந்தான் என்று கேட்டேன். பழைய படம்தானே, இதற்குப்போய் ஏன் இவ்வளவு கோபம் என்றார். வெறும் பழைய படம் என்றால், அதை நம்பி ஒரு மனிதரை ஏன் இல்லத்துக்குள் பூட்டுகிறீர்கள் என்றேன். 

பதில் பின்னாலிருந்து வந்தது. அம்மையார் நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு இருந்தார். தனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது, எங்கே போவது என்று தானே முடிவு செய்வேன், மகனுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள் என்றார். வண்டி ரத்தாகவில்லை.

தேரன்று நல்ல வெயில். நாதஸ்வரமும் தவிலும் முன்னே போக, கணவர் ஆடிவந்தார். பின்னால் தம்பி, கயிற்றை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்தபடி. எங்களுக்கு நேரே வந்ததும் கணவர் கொஞ்சம் நிமிர, அவன் கயிற்றை விடாமல் கையில் சுற்றிக்கொண்டே கிட்டப் போய் அவர் காதருகே குனிந்தான்.

"நோகுதோ அத்தான்? கொஞ்சம் நிப்பமோ?"

கணவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டு மறுபடி ஆடத் தொடங்கினார். என்ன கேட்டான் என்று அம்மையார் என்னிடம் கேட்டார், சொன்னேன். அவர் தம்பியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அறுத்து உள்ளங்கை சிவந்து போயிருந்தது.

"அவள் சுட்டது இந்தப் பிள்ளையையா?" என்றார்.

"ஓம்" என்றேன். கோபத்தில் தமிழே வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.